பண்டமும் பக்குவமும்

ஹவாயன் பீட்சா ஹவாயில் பிறக்கவில்லை. அது பிறந்தது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவுக்குத் தென்மேற்கே இருக்கும் சாட்டம் என்ற ஊரில். ஆண்டு 1962. கிரேக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாம் பனோபுலோஸ் என்பவர், தன் உணவகத்தில் பேணியில் அடைத்து வந்த அன்னாசித் துண்டுகளை எடுத்துப் பீட்சாவின்மேல் போட்டுப் பார்த்தார். பேணியில் இருந்த பெயர் பீட்சாவுக்கும் ஒட்டிக்கொண்டது. அதே உணவகத்தில் சீனச் சாப்பாடும் விற்றார்கள். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த அந்தச் சுவைதான் தனக்கு யோசனை தந்தது என்று பிற்காலத்தில் அவர் சொன்னார்.

2017இல் ஐஸ்லாந்து நாட்டின் ஜனாதிபதி, பாடசாலை மாணவர்களோடு பேசும்போது, தனக்கு அதிகாரம் இருந்தால் பீட்சாவில் அன்னாசி போடுவதைத் தடைசெய்வேன் என்று பகிடியாகச் சொல்லிவிட்டார். உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. அப்போதைய கனடியப் பிரதமர் ட்ரூடோ அன்னாசியின் பக்கம் நின்றார்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். செய்தவர் கிரேக்கர். அடிப்படை இத்தாலியச் சாப்பாடு. யோசனை சீனச் சமையலிலிருந்து வந்தது. அன்னாசி தென்னமெரிக்கப் பழம். பெயர் ஹவாய். செய்த இடம் கனடா. இப்போது சொல்லுங்கள், இது யாருடைய சாப்பாடு?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. நான் பொறியியலில் முதுகலை படித்தவன். இப்போது தகவல் தொழில்நுட்ப ஆலோசகராக வேலை செய்கிறேன். ஆலோசகர் என்றால் ஆறு மாதம் ஒரு அலுவலகம், அடுத்த ஆறு மாதம் இன்னொன்று. ஒவ்வொரு புது இடத்திலும் எனக்கு முதல் நண்பர்கள் கிடைப்பது மதியம் மைக்ரோவேவுக்கு முன்னால் நிற்கும் வரிசையில்தான். முன்னால் நிற்பவரின் டப்பாவைப் பார்த்து, "மணம் நல்லா இருக்கே, என்ன இது?" என்று கேட்டால் போதும். ரொறன்ரோ பெரும்பாகத்தில், 2021 கணக்கெடுப்பின்படி, 100 பேரில் 46 பேருக்கு மேல் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். அதனால் அந்த வரிசை ஒரு சின்ன உலகப்படம்.

கேட்டதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் மூன்று நிரல்கள். முதலாவது, என்ன பண்டங்கள். இரண்டாவது, எவ்வளவு. மூன்றாவது, "ஏன் அப்படி?" முதல் இரண்டும் இணையத்தில் கிடைக்கும். மூன்றாவதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த மூன்றாவது நிரலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பக்குவம்.

இன்று அந்தக் கோப்பிலிருந்து நாலு சாப்பாடுகளை உங்களோடு பகிர்கிறேன். மூன்று, அயலவர்களுடையவை. நாலாவது எங்களுடையது.

ஹக்கா சில்லி சிக்கன்

ஸ்காபரோவில் வளர்ந்த எவருக்கும் "ஹக்கா சாப்பிடப் போவமா?" என்றால் என்னவென்று தெரியும். சோயா சோஸும் பச்சை மிளகாயும் சேர்ந்த சீனச் சாப்பாடு. ஆனால் சீனாவிலிருந்து நேரே வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்தால் அவர் கொஞ்சம் முழிப்பார்.

ஹக்கா என்பது ஒரு சீன இனக்குழுவின் பெயர். அவர்களில் ஒரு பகுதியினர் கல்கத்தாவில் குடியேறி, நகரின் கிழக்கே டாங்க்ரா என்ற இடத்தில் தோல் பதனிடும் தொழில் செய்தார்கள். அங்கே அடுப்பில் சீனச் சட்டியும் கையில் இந்திய மிளகாயும் இருந்தன. 1962இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் வந்தது. இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீனர்கள் பலர், எந்தக் குற்றமும் செய்யாமல், ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்தில் இருந்த முகாமில் அடைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் நாட்டை விட்டே வெளியேறினார்கள். அவர்களில் நிறையப் பேர் வந்து சேர்ந்த நகரம் ரொறன்ரோ.

என்னோடு வேலை செய்த ஒருவரின் அப்பா அப்படி வந்தவர். வீட்டில் ஹக்கா மொழி, காரில் ஹிந்திப் பாட்டு. "நீங்கள் சீனரா, இந்தியரா?" என்று யாராவது கேட்டால் அப்பா "சாப்பிட்டிட்டுச் சொல்லு" என்பாராம். போரினால் ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள் இருவரும். ஒருவருடைய கதையை மற்றவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் சொன்ன அளவு இது. எலும்பில்லாத கோழித் தொடை இறைச்சி 500 கிராம், சின்னத் துண்டுகளாக. ஒரு முட்டை, 3 மேசைக்கரண்டி சோள மா, 1 மேசைக்கரண்டி சோயா சோஸ் போட்டுப் பிரட்டி 20 நிமிடம் வையுங்கள். பிறகு எண்ணெயில் பொரித்தெடுங்கள். இன்னொரு சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த உள்ளியும் இஞ்சியும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, கீறின பச்சை மிளகாய் 5, பெரிதாக வெட்டிய வெங்காயம் ஒன்று, குடைமிளகாய் ஒன்று. 2 மேசைக்கரண்டி சோயா சோஸ், 1 மேசைக்கரண்டி வினாகிரி, அரைத் தேக்கரண்டி சீனி. அரைக் கப் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி சோள மாவைக் கரைத்து ஊற்றுங்கள். தடித்ததும் கோழியைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். பொரிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

மூன்றாவது நிரலில் எழுதியிருப்பது: "சட்டி புகை வரும்வரை சூடாக வேண்டும். சூடு போதாவிட்டால் மரக்கறி தண்ணீர் விட்டு அவிந்துவிடும். கறுகுறுவென்று கடிபட வேண்டும்." இதுதான் பக்குவம்.

ஜமேக்கன் பற்றீஸ்

ரொறன்ரோவில் சுரங்க ரயில் நிலையத்துக் கடைகளில் மஞ்சள் நிறத்தில் அரைவட்டமாக ஒன்று விற்பார்கள். கடித்தால் உள்ளே காரமான இறைச்சி. எங்கள் அம்மா அதற்கும் பற்றீஸ் என்றுதான் சொல்லுவா. எங்கள் ஊர்ப் பற்றீஸ் போலவே மடித்துக் கரை ஒட்டியிருப்பதால், வேறு பெயர் தேவைப்படவில்லை.

இந்த ஒரு கடிக்குள் எத்தனை பயணம் இருக்கிறது பாருங்கள். மாவை மடித்து உள்ளே இறைச்சி வைப்பது பிரித்தானியர்களின் பழக்கம். மஞ்சளும் கறித்தூளும் இந்தியாவிலிருந்து போனவை. 1845 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஜமேக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். அதற்கு முன்பே ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே சமைத்துக் கொண்டிருந்தார்கள். காரம், கரீபியன் மண்ணின் ஸ்கொட்ச் பொனெட் மிளகாயினுடையது. விரும்பிப் போனவர்களும் இழுத்துச் செல்லப்பட்டவர்களும் ஒரே மாவுக்குள் இருக்கிறார்கள்.

1985இன் தொடக்கத்தில் இந்தப் பற்றீஸுக்கு ரொறன்ரோவில் ஒரு சோதனை வந்தது. மத்திய அரசின் பரிசோதகர்கள் கடைகளுக்குப் போய், "பீஃப் பற்றி" என்று பெயர் போட்டு விற்கக் கூடாது என்றார்கள். கனடியச் சட்டப்படி அந்தப் பெயர் ஹம்பேர்கருக்குள் வைக்கும் வெறும் இறைச்சி வட்டத்துக்கு உரியது. மாவுக்குள் மடித்த பண்டத்துக்கு அந்தப் பெயர் செல்லாது. பெயரை மாற்றாவிட்டால் தண்டம் என்றும் சொன்னார்கள். கடைக்காரர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. செய்தி ஜமேக்கா வரைக்கும் போனது. கடைசியில் பெப்ரவரி மாதத்தில் ஒரு சமரசம் வந்தது: "ஜமேக்கன் பற்றி" என்று போடலாம். அதன் நினைவாக இங்கே பெப்ரவரி 23 இன்றும் அந்தப் பண்டத்தின் நாள்.

இதில் எனக்குப் பிடித்தது முடிவுதான். அரசு பெயரைப் பறிக்க வந்தது. போகும்போது பெயரோடு ஊரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது.

இதன் முழுச் செய்முறையை நான் எழுதப் போவதில்லை. அதை நன்றாகச் செய்கிறவர்கள் இந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வாங்கிச் சாப்பிடுவதே மரியாதை. மூன்றாவது நிரலில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். உள்ளே வைக்கும் இறைச்சியில் பாண் தூள் கொஞ்சம் சேர்க்க வேண்டுமாம். ஏன்? இறைச்சியின் சாறு வெளியே ஓடி மாவை நனைக்காமல், பாண் தூள் அதை உறிஞ்சி வைத்திருக்கும். எங்கள் மட்டன் ரோல்ஸில் அந்த வேலையை உருளைக்கிழங்கு செய்கிறது. இரண்டு தீவுகள், ஒரே பிரச்சினை, இரண்டு தீர்வுகள்.

இன்ஜெரா

டான்ஃபோர்த் தெருவில் கிரேக்க உணவகங்களைத் தாண்டிக் கொஞ்சம் கிழக்கே போனால் எத்தியோப்பிய உணவகங்கள் வரும். மேசைக்கு ஒரே ஒரு பெரிய தட்டு வரும். அதில் தோசை போல ஒன்றை விரித்து, அதன்மேல் கறிகளை வட்ட வட்டமாக வைத்திருப்பார்கள். கரண்டி இல்லை. எல்லாரும் ஒரே தட்டில், வலது கையால்.

அந்தத் தோசைதான் இன்ஜெரா. தெஃப் என்ற மிகச் சின்னத் தானியத்தை மாவாக்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். போன முறை புளித்த கரைசலில் கொஞ்சம் எடுத்து வைத்து, அதையே அடுத்த முறைக்கு உறையாக ஊற்றுவார்கள். பிறகு வட்டமான தட்டில் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேக விடுவார்கள். மேல்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகளுக்கு அவர்கள் "கண்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண் நிறைய இருந்தால் நல்ல இன்ஜெரா.

எங்கள் அப்பமும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் வேகும். நடுவில் கண் விழும். ஊரில் மாவைப் புளிக்க வைக்கக் கள்ளு விடுவார்கள். ஸ்காபரோவில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. அதனால் அம்மா ஈஸ்ட் போடுகிறா. மாசி மாதக் குளிரில் மாவு பொங்காது. அதற்கு அவ அவனை மூடி, உள்ளே விளக்கை மட்டும் போட்டு, மாச்சட்டியை அதற்குள் வைப்பா. எங்களோடு வேலை செய்த எத்தியோப்பிய அக்கா ஒருவரும் இன்ஜெரா மாவுக்கு அதையே செய்கிறா என்று கேட்டபோது சிரிப்பு வந்தது. ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பெண்கள், ஒரே குளிருக்கு ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அவர்களிடம் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பெயர் குர்ஷா. இன்ஜெராவில் கறியைச் சுற்றி ஒரு கவளமாக்கி, பக்கத்தில் இருப்பவரின் வாயில் ஊட்டுவது. வயது வித்தியாசம் இல்லை, பெரியவருக்கும் ஊட்டலாம். கவளம் பெரிதாக இருந்தால் அன்பு பெரிது. எங்கள் வீட்டில் இதற்குச் சொந்தக்காரச் சொல் ஒன்று இருக்கிறது: குழையல். சட்டியில் மிஞ்சின சோற்றையும் கறிகளையும் ஒன்றாகக் குழைத்து, சுற்றி இருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கொரு உருண்டையாக அம்மம்மா வைப்பா. கோப்பையில் போட்ட அதே சோற்றுக்கு அந்த ருசி வராது.

சோளத்துக்கு நடந்தது

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரலாம். பண்டம் கடையில் இருக்கிறது. செய்முறை யூரியூப்பில் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பக்குவம், மூன்றாவது நிரல் எல்லாம்?

அதற்குச் சோளத்தின் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே கோர்ன் என்கிற சோளம், மெக்சிக்கோவில் பயிராகத் தொடங்கியது. அங்கிருந்த மக்கள் அதை நேரே அரைத்துச் சாப்பிடுவதில்லை. முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊற வைத்து, கழுவி, அதன் பிறகுதான் அரைப்பார்கள். அந்த மாவில்தான் டோர்ட்டியா சுடுவார்கள்.

கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியர்கள் சோளத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் ஏழை மக்கள் சோளத்தையே நம்பி வாழத் தொடங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு புது வருத்தம் வந்தது. தோல் கறுத்து உரியும். வயிற்றோட்டம் வரும். பிறகு மனம் குழம்பும். கடைசியில் சாவு. இத்தாலியர்கள் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே வருத்தம் பரவி, ஆயிரக்கணக்கான ஏழைகள் இறந்தார்கள். தொற்றுநோய் என்றே பலர் நினைத்தார்கள். ஜோசப் கோல்ட்பேர்கர் என்ற மருத்துவர் 1914இல் ஆராயத் தொடங்கி, காரணம் கிருமி இல்லை, சாப்பாடு என்று காட்டினார். 1937இல்தான் விடை முழுதாகக் கிடைத்தது: நயசின் என்ற உயிர்ச்சத்துக் குறைவு.

சோளத்தில் நயசின் இருக்கிறது. ஆனால் எங்கள் உடம்பு எடுக்க முடியாதபடி கட்டுப்பட்டு இருக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. மெக்சிக்கோவின் பெண்களுக்கு நயசின் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் செய்ததில் விடை இருந்தது. பண்டத்தை எடுத்தவர்கள் பக்குவத்தைக் கேட்கவில்லை. அதற்கு இரண்டு நூற்றாண்டுகள், எத்தனையோ உயிர்கள்.

ஒரு சமையலில் "இது எதற்கு, விட்டுவிடலாமே" என்று தோன்றும் படிதான் சில நேரம் முக்கியமான படி. அதை ஏன் செய்கிறார்கள் என்று கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஒடியல் கூழ்

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணச் சாப்பாடுகளில் எது முழுக்க முழுக்க எங்களுடையது என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் சொல்வது ஒடியல் கூழ். வேறு எங்கும் இதைப் போல இல்லை என்று பெருமையாகச் சொல்வோம்.

ஒடியல் என்றால் என்ன? பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் கிழங்கு வரும். அதைக் கிண்டி எடுத்து, பச்சையாகவே கிழித்து வெயிலில் காய வைத்தால் ஒடியல். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி அந்த மாவில் காய்ச்சுவது கூழ்.

இனி அந்தப் பானைக்குள் இருப்பவர்களைப் பாருங்கள். பனை எங்கள் மண்ணின் மரம். பலாக்கொட்டை தென்னிந்தியாவின் மலைக்காட்டு மரத்தினுடையது. பழப்புளியின் பூர்வீகம் ஆபிரிக்கா. செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசரோடு ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு காரம் என்றால் மிளகு. மிளகைப் போலக் காரமான காய் வந்ததும் "மிளகாய்" என்று பெயர் வைத்துவிட்டோம். மரவள்ளிக்கிழங்கும் தென்னமெரிக்காவைச் சேர்ந்ததுதான். இந்தக் கூழைக் காய்ச்சும் "குசினி"யே போர்த்துக்கீசச் சொல். "பாண்", "மேசை", "அலுமாரி" எல்லாம் அப்படித்தான்.

வேறு எங்கும் இல்லாத எங்கள் கூழுக்குள் உலகமே இருக்கிறது. அதனால் அது எங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. அதை எங்களுடையது ஆக்கியது அந்தப் பண்டங்கள் பிறந்த ஊர்கள் இல்லை. அவற்றை இந்த விதத்தில் ஒன்று சேர்த்த கை.

அந்தக் கை எங்கள் வீட்டில் அம்மம்மாவுடையது. அவவுக்கு இப்போது 86 வயது. விரல் மூட்டுகளில் வாதம். கரண்டியை அதிக நேரம் பிடிக்க முடியாது. போன பனிக்காலம் சனிக்கிழமைகளில் நான் ஒரு இலத்திரனியல் தராசோடு அவவின் குசினிக்குப் போனேன்.

"உந்த மெஷின் எதுக்கு?" என்று கேட்டா.

"நீங்கள் ஒரு பிடி எண்டு சொல்லுறீங்கள் அம்மம்மா. அது எவ்வளவு எண்டு பாக்க."

"பிடி எண்டா பிடிதான். கைக்குத் தெரியும்."

"உங்கட கைக்குத் தெரியும். என்ர கைக்குத் தெரியாதே."

அதற்குப் பிறகு அவ ஒன்றும் சொல்லவில்லை. அரிசியை அள்ளித் தராசில் போட்டா. 38 கிராம். நான் அள்ளினேன். 55 கிராம். அவவின் "ரெண்டு பிடி"யும் என்னுடைய "ரெண்டு பிடி"யும் ஒன்றில்லை. பொறியியலில் இதை அளவுகோல் பிழை என்போம். செய்முறையை அப்படியே பின்பற்றியும் ருசி வராமல் போவது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடையில் பாதி அந்தத் தராசில் இருக்கிறது.

மற்றப் பாதியைத் தராசு சொல்லாது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊற வைத்து, மா அடியில் தங்கினதும் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும். "எத்தனை தரம் அம்மம்மா?" என்று கேட்டேன். "காறல் போகுமட்டும்" என்றா. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டி, இன்னொரு தரம் ஊற்றச் சொன்னா. மூன்றாம் தரம் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னா. அந்தக் கசப்பு எவ்வளவு இருக்கும்வரை இருக்கலாம், எப்போது போதும் என்பதை என் நாக்குக்கு அவவின் நாக்குச் சொல்லிக் கொடுத்தது. இதை எந்தக் காணொளியிலும் பதிவு செய்ய முடியாது.

எட்டுப் பேருக்கு நாங்கள் நிறுத்து எழுதிய அளவு இது.

ஒடியல் மா 150 கிராம். மீன் 500 கிராம், தலையோடு. நண்டு 500 கிராம். இறால் 250, கணவாய் 250. மரவள்ளிக்கிழங்கு 250. பயிற்றங்காய் 150. பலாக்கொட்டை 20. சிவப்பரிசி 40 கிராம். செத்தல் மிளகாய் 15. பழப்புளி 50 கிராம். மஞ்சள் அரைத் தேக்கரண்டி. ஒரு கை முருங்கையிலை, கிடைக்காவிட்டால் ஸ்பினாச். தண்ணீர் 3 லீற்றர். உப்பு. இவை எல்லாம் ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். பலாக்கொட்டையும் மரவள்ளியும் உறைநிலைப் பெட்டியில் இருக்கும். ஒடியல் மா பைக்கற்றில் இருக்கும்.

மாவை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, காறல் போகும்வரை மேல் தண்ணீரை மாற்றுங்கள். மிளகாயையும் மஞ்சளையும் விழுதாக அரையுங்கள். புளியைக் கரைத்து வடியுங்கள். பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அரிசி, பலாக்கொட்டை, தோல் நீக்கிய மரவள்ளி, பயிற்றங்காய் போடுங்கள். மரவள்ளி அவியும்போது பானையை மூடாதீர்கள். அவை முக்கால் பதம் அவிந்ததும் நண்டும் மீன் தலையும். பிறகு மீன் துண்டுகள். கடைசியாக இறாலும் கணவாயும், ஏனென்றால் அவை நேரம் போனால் ரப்பர் ஆகிவிடும். மிளகாய் விழுது, புளி, உப்பு சேர்த்து ஒரு கொதி. அடுப்பைக் குறைத்து, ஊறின மாவைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, ஊற்றிக் கொண்டே துழாவுங்கள். இலையைப் போட்டு மேலும் 10 நிமிடம். கரண்டியால் எடுத்து ஊற்றும்போது விழவும் வேண்டும், கொஞ்சம் தயங்கவும் வேண்டும். அதுதான் பதம்.

நண்டு, இறால் ஒவ்வாமை உள்ள நண்பர்கள் வந்தால் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். ஊரில் பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் கோப்பி குடிக்கும் மக். கூடவே கடிக்கத் தேங்காய்ச் சொட்டு.

கூழை இரண்டு பேருக்குக் காய்ச்ச முடியாது என்பதையும் அம்மம்மாதான் சொன்னா. இத்தனை வகை போட்டால் பானை தானாகப் பெரிதாகிவிடும். பானை பெரிதானால் ஆள் கூப்பிட வேண்டும். பிரான்சின் மார்செய் துறைமுகத்து மீனவர்களின் புயபேஸ், அமெரிக்காவின் லூசியானா மக்களின் கம்போ, இரண்டும் இப்படித்தான்: அன்று கிடைத்ததெல்லாம் ஒரு பானைக்குள், ஊரெல்லாம் பானையைச் சுற்றி. கம்போ என்ற பெயரே வெண்டைக்காய்க்கான ஆபிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கையில் எதுவும் இல்லாமல் வந்தார்கள், சொல்லும் பக்குவமும் மட்டும் கூட வந்தன.

எங்கள் பெற்றோரும் அப்படித்தான் வந்தார்கள். 1983க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்களில் பலர் ஒரு பைக்கு மேல் கொண்டு வரவில்லை. பைக்குள் வைக்கத் தேவையில்லாத ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அது அவர்களுடைய கையில் இருக்கிறது. கையோடு போகவும் கூடும். அம்மம்மாவின் தங்கச்சி ஒருவர் இருந்தா. அவவின் பனங்காய்ப் பணியாரத்தைப் பற்றி இன்றும் எங்கள் குடும்பத்தில் கதைப்பார்கள். பனங்களியின் காறல் துளியும் இருக்காதாம். அதை எப்படி எடுத்தா என்று இப்போது யாருக்கும் தெரியாது. பனங்களி போத்தலில் வருகிறது, மா இருக்கிறது, சீனி இருக்கிறது. அம்மம்மா மூன்று தரம் சுட்டுப் பார்த்தா. "இது அவள்ர இல்லை" என்று வைத்துவிட்டா.

உங்களிடம் ஒரு வேலை

உங்கள் வீட்டில் யாரோ ஒருவரிடம் இப்படி ஒரு சாப்பாடு இருக்கும். பாட்டி, அம்மம்மா, அப்பா, பெரியம்மா, யாராகவும் இருக்கலாம். இந்த மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய குசினிக்குப் போங்கள். தராசு கொண்டு போங்கள். 20 டொலருக்குள் கிடைக்கும். அவர் அள்ளுவதைப் பானைக்குள் போடும் முன் தராசில் போடச் சொல்லுங்கள். சிரிப்பார்; பரவாயில்லை. ஒவ்வொரு படியிலும் "ஏன்?" என்று கேளுங்கள். "அப்படித்தான்" என்று சொன்னால், "அப்படிச் செய்யாட்டி என்ன நடக்கும்?" என்று மாற்றிக் கேளுங்கள். அதற்கு எப்போதும் விடை இருக்கும். தமிழ் எழுத வராதவர்கள் தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு எழுதிக் கொள்ளலாம். கடைசியில் அவர் பார்த்துக் கொண்டிருக்க நீங்கள் ஒரு தரம் தனியே செய்யுங்கள். பிழைகளை அவர் இருக்கும்போதே திருத்திக் கொள்ளலாம்.

அடுத்த கிழமை அந்தச் சாப்பாட்டைப் பாடசாலைக்கோ வேலைக்கோ கொண்டு போங்கள். மைக்ரோவேவ் வரிசையில் யாராவது "என்ன இது?" என்று கேட்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். மா ஏன் மூன்று தரம் கழுவப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். பிறகு அவருடைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

என் கோப்பில் இப்போது 61 சாப்பாடுகள் இருக்கின்றன. 62ஆவதுக்கு அம்மம்மா நாள் குறித்திருக்கிறா: வாற சனிக்கிழமை, நண்டுக்கறி. தராசுக்குப் புது பற்றரி வாங்கி வரச் சொல்லியிருக்கிறா.